மண்காப்பும் கடனும்: மலைநாடு நமக்குச் சொல்லும் பாடம்

கொழும்பில், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், ஒரு காலத்தில் கமம் செய்து வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. 1983, 1990, 1995, 2009 என்று ஆண்டுகளைச் சொன்னாலே போதும். எந்த ஊரைவிட்டு எந்தப் பையோடு வெளிக்கிட்டார்கள் என்பது அவர்கள் கண்முன் வந்து நிற்கும். வன்னியில் நெல் விதைத்தவர் இன்று கடையொன்றில் கணக்கெழுதுகிறார். வலிகாமத்தில் வெங்காயமும் மிளகாயும் நட்டவர் மாடிக் குடியிருப்பில் ஒரு வாளி மண்ணில் கறிவேப்பிலைக் கன்று வளர்க்கிறார். ஞாயிறு வழிபாடு முடிந்து வாசலில் நின்று கதைக்கும்போது இவர்களிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அரசாங்கம் கமக்காரருக்குக் கடன் குடுக்குதாம், மானியம் குடுக்குதாம். எங்களைப் போல ஆக்களுக்கும் அது கிடைக்குமோ?"

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் இதற்கு விடை கூற முடியாது. ஆனால் விடையைத் தேடுவதற்கு நல்ல இடம் ஒன்று உண்டு. அது நமது மலைநாடு. மண்ணைக் காப்பதற்காகச் சட்டமும், கமக்காரரைத் தாங்குவதற்காக மானியமும் கடனும் நீண்டகாலமாக அங்கே நடைமுறையில் உள்ளன. அவற்றால் யார் பயன் பெற்றார்கள், யார் வாசலுக்கு வெளியே நின்றார்கள் என்று பார்த்தால், நாம் செய்ய வேண்டியது என்ன என்பதும் தெளிவாகும். மலைநாடு நமக்கு அந்நியமான இடமும் அல்ல. 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி அங்கிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று காடு வெட்டிக் கமம் செய்த மலையகக் குடும்பங்கள், பின்னர் போரினால் அங்கிருந்தும் பெயர்க்கப்பட்டன. அவர்களில் சிலர் இன்று நமது அயலவர்கள்.

மலை கரைந்த கதை

பிரித்தானியர் காலத்தில் கோப்பிக்காக மலைக்காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. காலப்போக்கில் கோப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. காடு அழிவதால் நீரும் மண்ணும் கெடும் என்று தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் எச்சரித்ததை அடுத்து, 5000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டுவதற்கு 1873இல் தடை வந்தது. அதற்குள் மலையின் பெரும்பகுதி வெறுமையாகிவிட்டது.

பின்னர் மரக்கறிச் செய்கை வந்தது. 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடை செய்யப்பட்டதும் நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளில் சரிவு நிலமெல்லாம் கிழங்குத் தோட்டமாயிற்று. அந்தக் காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் எப்படி விலைபோயின என்பதை நமது மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே அலை மலையிலும் அடித்தது. ஆனால் யாழ்ப்பாணத்து நிலம் சமதரை. மலை நிலம் சரிவு. சரிவை ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை கொத்திப் புரட்டினால், மழையோடு மேல்மண் கீழே போகும்.

போகும் மண் எங்கே சேர்கிறது? 335 கிலோமீற்றர் நீளமான மகாவலி கங்கை அந்த மலைகளில்தான் பிறக்கிறது. 1976இல் முடிக்கப்பட்ட பொல்கொல்லை அணையும், பின்னர் எழுந்த ரந்தம்பை நீர்த்தேக்கமும் வண்டலால் பெரிதும் பாதிக்கப்பட்டன. மேலே ஒருவருடைய தோட்டத்தில் கரையும் மண், கீழே வேறொருவருடைய வயலுக்குப் போகவேண்டிய தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எனவேதான் மண்காப்பு தனியொரு கமக்காரனின் சொந்த விடயமாக விடப்படாமல் அரசின் பொறுப்பாயிற்று.

கட்டளை இட்ட சட்டம்

1951இல் மண்காப்புச் சட்டம் (25ஆம் இலக்கம்) நிறைவேறியது. 1996இல் அது திருத்தப்பட்டது. மண்ணரிப்புக்கு உள்ளாகும் பிரதேசங்களைப் பிரகடனம் செய்யவும், அங்கே காணி வைத்திருப்போர் செய்ய வேண்டியவற்றையும் செய்யக் கூடாதவற்றையும் விதிக்கவும் அது இடமளித்தது. அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு விவசாயத் திணைக்களத்தினுடையது.

சட்டம் நல்லது. ஆனால் கல்லடுக்கி அணை கட்டுவதற்கும் கான் வெட்டுவதற்கும் ஆள்கூலி வேண்டும். இன்று செலவழித்தால் அதன் பலன் பல போகங்களுக்குப் பின்னரே தெரியும். அடுத்த மாதம் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு வழி தேடுகிறவனிடம் "கட்டு" என்று கட்டளையிட்டால் மட்டும் அணை எழும்பாது.

நிபந்தனையோடு வந்த மானியம்

கட்டளையை விடக் கூடுதலாகப் பலித்தது, வேலையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட பணம். சிறு தேயிலைத் தோட்டக்காரர் இதற்கு நல்ல உதாரணம். இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் இன்று சிறு தோட்டக்காரரின் கொழுந்திலிருந்தே வருகிறது. இவர்களுக்கென 1970களில் சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகாரசபை அமைக்கப்பட்டது. பழைய செடிகளைப் பிடுங்கிப் புதிதாக நடுவோருக்கு அது மானியம் வழங்குகிறது.

இந்த மானியம் ஒரே தடவையில் கைக்கு வருவதில்லை. வேலையின் படிகளோடு சேர்ந்து தவணையாக வரும். செடியைப் பிடுங்க வேண்டும்; சரிவுக்குக் குறுக்கே கான் வெட்ட வேண்டும்; பின்னர் மானாப்புல் அல்லது குவாட்டமாலாப் புல் நட்டு, 18 தொடக்கம் 24 மாதங்கள் வரை மண்ணை ஆறவிட வேண்டும். புல்லை வெட்டி வெட்டி அந்த மண்ணிலேயே பரப்ப வேண்டும். அதற்குப் பின்பே புதுக் கன்று. தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாக இதையே சிபாரிசு செய்து வருகிறது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு வருடம் வருமானம் இல்லாமல் நிலத்தை ஓய விடுவது ஏழைக்கு முடியாத காரியம். அந்த ஓய்வுக் காலத்தைத் தாங்குவதற்குத்தான் மானியம். ஏழாம் வருடம் நிலத்தை ஓயவிட வேண்டும் என்ற கட்டளை பழைய ஏற்பாட்டில் உண்டு என்பதை நாம் அறிவோம். நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் வீட்டுக்கு அடுப்பெரிய வழி வேண்டும் என்பதையும் சேர்த்தே யோசிக்கும் திட்டந்தான் நல்ல திட்டம்.

மூன்று தடியும் ஒரு கல்லும்

காசில்லாமல் செய்யக்கூடிய மண்காப்பும் உண்டு. பிலிப்பைன்சின் மிண்டனாவோ தீவில் பாப்திஸ்து திருச்சபையின் கிராம வாழ்வு நிலையம் ஒன்றில், ஹரோல்ட் வாட்சன் என்ற மிஷனரியும் அவரது உடனூழியரும் 1970களில் சரிவு நிலக் கமத்துக்கு ஒரு முறையை வகுத்தார்கள். 1985இல் வாட்சனுக்கு மக்சேசே விருது கிடைத்தது. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், நாலைந்து மீற்றருக்கு ஒரு வேலியாக அவரை இன மரங்களை நெருக்கி நடுவதே அதன் சாரம். நமது நாட்டில் இதற்குக் கிளிசரிடியா ஏற்றது. ஓடிவரும் மண்ணை வேலி மறிக்கும். வெட்டிய குழை பயிருக்குப் பசளையாகும். சில ஆண்டுகளில் சரிவு தானாகவே படிபடியாக மாறும்.

ஒரே மட்டத்தைக் காண்பதற்குக் கருவி கடையில் வாங்க வேண்டியதில்லை. ஆளுயரத் தடி இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, காலை விரித்து, நடுவில் குறுக்குத் தடி ஒன்றைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். இரு கால்களையும் நிலத்தில் ஊன்றி, கயிறு குறுக்குத் தடியைத் தொடும் இடத்தில் ஓர் அடையாளம் இடுங்கள். பின்னர் கால்களை இடம் மாற்றி வைத்து இன்னோர் அடையாளம் இடுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள புள்ளிதான் மட்டம். ஒரு காலை ஊன்றியபடி மறு காலை நகர்த்தி, கயிறு நடுப்புள்ளியில் நிற்கும் இடங்களில் முளை அடித்துக்கொண்டு போனால், வேலி நடவேண்டிய கோடு கிடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் சொல்லிவைக்க வேண்டும். இவ்வேலிகள் மேல்மண் அரிப்பைத் தடுக்கும். பெரிய மண்சரிவைத் தடுக்க மாட்டா. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தனர். அபாயமான சரிவில் குடியிருப்போருக்குத் தேவை வேலி அல்ல, வேறு காணி.

கடனின் நீண்ட வரலாறு

இனிக் கடனுக்கு வருவோம். 1967, 1973 என்று கமத்தொழில் கடன் திட்டங்கள் மாறி மாறி வந்தன. பெருந்தொகையான கடன்கள் திரும்பி வரவில்லை. மழை பொய்த்ததும் ஒரு காரணம். தேர்தல் வந்தால் கடன் தள்ளுபடியாகும் என்ற நினைப்பும் ஒரு காரணம். பழைய கடன் நிலுவையில் இருந்தவருக்குப் புதுக் கடன் கிடைக்கவில்லை. அவர் வட்டிக்காரரிடம் போனார். 1986இல் புதிய விரிவான கிராமியக் கடன் திட்டம் வந்தது. வங்கி கடன் கொடுக்க, வட்டியின் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. பயிர்க் காப்புறுதிக்கு 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை அமைந்தது.

கடன் பயிரைத் தூக்கிவிடும்; வீட்டைக் கவிழ்க்கவும் செய்யும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் விளைச்சல் விழுந்தது. கடன் தவணையோ விழவில்லை. வடக்கு, கிழக்கில் நுண்கடன் எடுத்த பெண்கள் பட்ட பாடும் நமக்குத் தெரியும். வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் அரசு நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அது போயிற்று.

வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

மேலே சொன்ன திட்டங்கள் எல்லாவற்றிலும் முதலாவதாகக் கேட்கப்படுவது ஒன்றுதான்: காணி யாருடையது? மானியத்துக்கு அது வேண்டும். கமக்காரர் அமைப்பில் சேர்வதற்கும், கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் பெயர் இருப்பதற்கும், வங்கிக் கடனுக்கும் காணியில் ஏதோ ஓர் உரித்தைக் காட்ட வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக அந்த மண்ணில் உழைத்தும், லயத்தைச் சுற்றி மரக்கறி நட்டும், காகிதம் இல்லாததால் வெளியே நின்றன. 2015இன் பின் 7 பேர்ச் காணியும் வீடும் என்ற திட்டம் வந்தது நல்ல தொடக்கமே. ஆனால் 160 பேர்ச் ஓர் ஏக்கர். ஏழு பேர்ச்சில் வீடு கட்டலாம்; கமம் செய்ய முடியாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணில் புதைந்தன. அபாயம் உண்டு என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் எழும்பிப் போவதற்குத் தமக்கென்று ஒரு துண்டுக் காணி அந்த மக்களுக்கு இருக்கவில்லை.

குத்தகைக்குச் செய்பவரின் நிலையும் இதுதான். நெற்காணிக் குத்தகைக்காரருக்கு 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் தொடக்கம் ஓரளவு பாதுகாப்பு உண்டு. மேட்டு நிலத்தில் மரக்கறி செய்யும் குத்தகைக்காரருக்கு அப்படியொரு பாதுகாப்பு இல்லை. அடுத்த போகம் இந்தக் காணி தன் கையில் இருக்குமோ என்று தெரியாதவன் எப்படி அதில் கல்லணை கட்டுவான்? மண் கரைவதற்கு மழை மட்டும் காரணம் அல்ல. உரித்தின்மையும் காரணம் என்பதே மலைநாடு நமக்குச் சொல்லும் பாடம்.

இது நமது நாட்டுக் குறை மட்டுமல்ல. ஐக்கிய அமெரிக்காவில் 1930களின் புழுதிப் புயல்களுக்குப் பின்னர் 1935இல் மண்காப்புக்கெனத் தனிச் சேவை அமைக்கப்பட்டது. கமக்காரருக்கு மண்காப்பு மானியமும் கடனும் அங்கே தாராளமாக உண்டு. ஆனால் அவற்றைப் பெறப் பண்ணை இலக்கம் ஒன்று வேண்டும். இலக்கத்துக்குக் காணி உரித்து வேண்டும். தென் மாநிலக் கறுப்பினக் குடும்பங்களிலும் அப்பலாச்சிய மலைக் குடும்பங்களிலும், உறுதி எழுதாமல் பாட்டன் இறந்து, பங்கு பிரிக்காத காணி பேரப்பிள்ளைகள் வரை வந்திருந்தது. அவர்கள் நீண்டகாலம் வெளியே நின்றார்கள். 2018இல் நிறைவேறிய விவசாயச் சட்டந்தான், உறுதி இல்லாவிடினும் வேறு ஆவணங்களைக் காட்டி இலக்கம் பெறுவதற்கு வழி திறந்தது. பங்கு பிரிக்காத முதுசக் காணி என்றதும் நமக்கு வேறு விளக்கம் வேண்டுமா?

நாம் செய்யக் கூடியவை

காகிதம், மண், கடன் என்ற இந்த ஒழுங்கில் போவதே நல்லது என்பது எமது கருத்து. முதலில் காகிதத்தைத் தேடுவோம்.

உறுதி தொலைந்தால் உரித்துத் தொலைந்துவிடவில்லை. நொத்தாரிசு எழுதும் உறுதியின் பிரதியொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், ஆண்டு இவற்றில் தெரிந்ததைக் கொண்டு அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். காணியின் பெயரும் எல்லைகளும் மூத்தவர்களுக்கே தெரியும். அவர்கள் இருக்கும்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

பேர்மிட் காணி என்றால் விபரம் பிரதேச செயலகத்தில் இருக்கும். பேர்மிட் பெற்றவர் இறந்திருந்தால் பின்னுரித்தைப் பதிவு செய்ய வேண்டும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி முன்னர் பின்னுரித்தில் ஆண்களுக்கு முன்னிடம் இருந்தது. 2022இல் வந்த திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. ஆகவே கணவனை இழந்த சகோதரிகளும், பெண்பிள்ளைகள் மட்டும் உள்ள குடும்பங்களும் இதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

காணியை ஆளில்லாமல் விடாதீர்கள். வேறொருவர் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டால் ஆட்சியுரித்துக் கோரலாம் என்பது நமது சட்டம். போரினால் வழக்கு வைக்க முடியாமற் போனவர்களுக்காக 2016இல் விசேட சட்டம் ஒன்று வந்தது. ஆனால் அது குறுகிய கால அவகாசமே கொடுத்தது. உறவினரோ அயலவரோ காணியைப் பார்த்தால், அனுமதியோடு பார்க்கிறார் என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வர்த்தமானி அறிவித்தல்களைக் கவனியுங்கள். 2025 மார்ச் 28இல் வெளியான அறிவித்தல் ஒன்று, வட மாகாணத்தின் நான்கு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோருமாறு கேட்டது. கோராவிட்டால் அரச காணியாகலாம் என்ற அச்சம் எழுந்தது. எதிர்ப்பும் வழக்கும் வந்த பின்னரே அது நிறுத்தப்பட்டது. கொழும்பில் இருப்பவருக்கு ஊர்ச் செய்தி பிந்தியே வருகிறது. ஒரே ஊர்க் குடும்பங்கள் சேர்ந்து ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம்.

அடுத்தது மண். காணி கைக்கு வந்தால், முதற் போகமே முழுவதும் விதைக்க அவசரப்பட வேண்டாம். பல ஆண்டு பாழ்கிடந்த நிலத்துக்கு வேலியும், வரம்பும், குழையும் வேண்டும். சமதரையிலும் காற்றும் மழையும் மண்ணை எடுக்கும். கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதிப்படுத்தாத காணியில் மண்வெட்டி வைக்கவே கூடாது.

கடன் கடைசி. கமநல சேவை நிலையத்தில் பதிந்து, கமக்காரர் அமைப்பில் சேர்ந்து, காப்புறுதியைப் பற்றி விசாரித்த பின்னரே வங்கிக்குப் போங்கள். ஒரு போகம் பிழைத்தாலும் கட்டக்கூடிய தொகையையே எடுங்கள். வீட்டுக் கலியாணத்துக்குக் கமக் கடனை எடுத்தால், கமமும் போகும், கடனும் நிற்கும்.

ஊருக்குத் திரும்பப் போவதில்லை என்று முடிவெடுத்தவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களைக் குறைசொல்ல நாம் யார்? பிள்ளைகளின் படிப்பும் தொழிலும் இங்கே வேர்விட்டுவிட்டன. ஆயினும் அவர்களுக்கும் காகிதம் வேண்டும். விற்பதென்றாலும், சகோதரனுக்குக் கொடுப்பதென்றாலும், காணியில்லாத ஒரு குடும்பத்துக்கு நியாயமான குத்தகைக்கு விடுவதென்றாலும், உரித்து இருந்தால்தான் அது கொடையாகும். குத்தகைக்கு விடுவோர் நாலைந்து ஆண்டுக்கு எழுதிக் கொடுத்தால், செய்பவர் வேலி நடுவார், மண்ணும் தப்பும்.

எரேமியா தீர்க்கதரிசியின் கதை நமக்குத் தெரியும். எருசலேம் முற்றுகைக்குள் கிடந்தது. அவரோ காவலில் இருந்தார். அந்த நேரத்தில் அனதோத்திலிருந்த காணியை அவர் பணம் நிறுத்துக் கொடுத்து வாங்கினார். சாட்சிகளை வைத்துக் கையெழுத்திட்டு, அந்த உறுதியை நெடுநாள் கெடாதிருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். பகைவர் நிற்கும் காணியை வாங்குவது பைத்தியக்காரத்தனம் என்று அயலவர் நினைத்திருக்கலாம். ஆனால் வீடும் வயலும் மீண்டும் வாங்கி விற்கப்படும் ஒரு நாள் வரும் என்று அவர் நம்பினார்.

வெள்ளவத்தையில் அலுமாரியின் மேல்தட்டிலும், கொட்டாஞ்சேனையில் கட்டிலின் கீழ்ப் பெட்டியிலும் பொலித்தீன் பையில் சுற்றியபடி இருக்கும் அந்தப் பழைய காகிதங்களை இந்த வாரம் ஒருதரம் எடுத்துப் பாருங்கள். மங்கிய எழுத்துக்குப் பிரதி எடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி, எல்லைக்கு வடக்கே யார், தெற்கே யார் என்று சொல்லிக் கொடுங்கள்.